பரிசோதனைப் படங்களைக் கைபேசியில் சேமித்து வைப்பது எப்படி?

நெஞ்சு வலி என்று இரவு நேரத்தில் அவசரப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்ட ஒரு பெரியவருக்கு இ.சி.ஜி. எடுக்கப்பட்டது. இதயத்தின் இடப்பக்கத்துக்கு மின்தூண்டல் செல்லும் பாதையில் தடை இருப்பதற்கான அடையாளம் அதில் காணப்பட்டது. பணியிலிருந்த மருத்துவர் உடன் வந்த மகனிடம் கேட்ட முதற்கேள்வி, "இதற்கு முன் எடுத்த இ.சி.ஜி. ஏதாவது இருக்கிறதா?" என்பதே. அந்த மாற்றம் பல ஆண்டுகளாக இருந்து வருவதாயின் அதன் பொருள் வேறு. அன்றிரவு புதிதாகத் தோன்றியதாயின் அதன் பொருள் முற்றிலும் வேறு.

மகன் உடனே கைபேசியை எடுத்தார். "இருக்கிறது டாக்டர். போன வருடம் எங்கள் ஊர்ப் பக்கம் எடுத்தோம். போனிலேயே இருக்கிறது" என்றார். பழைய குறுஞ்செய்தியைத் தேடி, அதிலிருந்த லிங்க்கைத் தொட்டார். உலாவி திறந்தது. இந்த இணைப்பின் காலம் முடிந்துவிட்டது என்னும் ஒரே வரி திரையில் வந்து நின்றது.

அவர் கூறியது பொய்யன்று. அந்தப் படத்தை அவர் பலமுறை பார்த்திருந்தார், உறவினர்க்கும் காட்டியிருந்தார். ஆனால் அது அவருடைய கைபேசியில் ஒருநாளும் இருந்ததில்லை. மாற்றம் புதியதாகவே இருக்கக்கூடும் என்று கருதி மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கினர். சிகிச்சை தடைப்படவில்லை என்றாலும், ஒரு படம் கையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் தெளிவு அன்று கிடைக்கவில்லை. மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் பணிபுரியும் நாங்கள் இதுபோன்ற காட்சியை அடிக்கடி காண்கிறோம். ஆகவே இம்மாத இதழில், உலாவியில் காணும் படத்தைக் கைபேசியில் முறையாகச் சேமிக்கும் வழியைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பார்ப்பதும் சேமிப்பதும்

நீங்கள் ஒரு லிங்க்கைத் தொடும்போது, குரோம், சஃபாரி போன்ற உலாவி அந்த மருத்துவமனையின் அல்லது ஸ்கேன் மையத்தின் கணினிக்குச் சென்று படத்தை வாங்கி வந்து திரையில் காட்டுகிறது. விரைவாகக் காட்டுவதற்காக ஒரு பிரதியைத் தன் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்வதும் உண்டு. ஆயின் அந்தப் பிரதி உலாவியின் வசதிக்கானது, உங்களுக்கானதன்று. இடம் தேவைப்படும்போது உலாவி அதைக் கேட்காமலே நீக்கிவிடும். அப்படி நீங்கிய பின் படத்தைக் காண வேண்டுமெனில் மீண்டும் இணையம் வேண்டும். மூலக் கணினியில் படம் இருக்க வேண்டும். லிங்க் உயிரோடு இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் படம் இல்லை.

லிங்க்குகளுக்குக் கால வரம்பு வைப்பது நோயாளியின் நன்மைக்காகவே. குறுஞ்செய்தி பிறர் கையில் சிக்கினால் எந்நாளும் அந்தப் படத்தைத் திறக்கலாம் என்ற நிலை இருத்தல் ஆகாது. எனவே லிங்க் வந்த அன்றே படத்தைச் சேமித்துவிடுவதே சரியான வழி.

ஆண்ட்ராய்டு கைபேசியில்

படம் பக்கத்தில் சிறிதாகத் தெரிந்தால் முதலில் அதைத் தொட்டுப் பெரிதாகத் திறந்துகொள்ளுங்கள். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகின்றனர். பட்டியலில் தெரியும் சிறு படம் பெரும்பாலும் ஓர் அடையாளப் படமே. தபால்தலை அளவுக்குத் தயாரிக்கப்பட்ட வேறொரு கோப்பு அது. அதன்மேல் விரலை அழுத்திச் சேமித்தால் அந்தத் தபால்தலைதான் கைபேசியில் விழும். பின்னர் மருத்துவர் அதைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது சதுரம் சதுரமாக உடையும்.

பெரிய படம் முழுமையாக வந்து சேரும்வரை காத்திருங்கள். அதன்பின் படத்தின்மேல் விரலை வைத்து, எடுக்காமல், ஓரிரு நொடி அழுத்திப் பிடியுங்கள். ஒரு பட்டியல் தோன்றும். குரோமில் ‘டவுன்லோடு இமேஜ்’ என்றிருக்கும். சில உலாவிகளில் ‘சேவ் இமேஜ்’ என்றிருக்கும். கைபேசி தமிழில் இயங்கினால் படத்தைப் பதிவிறக்கும்படி சொல்லும் தமிழ்த் தொடர் இருக்கும். அதைத் தொடுங்கள். முடிந்ததும் திரையில் ஒரு சிறு அறிவிப்பு வரும். அதே பட்டியலில் படத்தைப் புதிய தாவலில் திறப்பதற்கும் ஒரு வரி உண்டு. பக்கத்தில் விளம்பரமோ வேறு எழுத்தோ சூழ்ந்திருந்தால், முதலில் அந்த வரியைத் தொட்டுப் படத்தை மட்டும் தனியே திறந்து, பிறகு சேமித்தல் நலம்.

படம் எங்கே போயிற்று? எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. குரோம் சேமிக்கும் படங்கள் ‘டவுன்லோடு’ என்னும் கோப்புறைக்குச் செல்கின்றன. கேமராவில் எடுத்த படங்களோடு அவை கலப்பதில்லை. கேலரியைத் திறந்து ஆல்பங்களுக்குள் ‘டவுன்லோடு’ என்பதைப் பார்க்க வேண்டும். குரோமின் வலப்பக்க மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘டவுன்லோட்ஸ்’ என்னும் வரிக்குச் சென்றாலும் காணலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூகுள் ஃபோட்டோஸ் என் படங்களையெல்லாம் காப்பாற்றி வைத்திருக்கும் என்று பலர் நம்புகின்றனர். பொதுவாக அது கேமராவில் எடுத்த படங்களை மட்டுமே தானாக மேலேற்றுகிறது. ‘டவுன்லோடு’ முதலான பிற கோப்புறைகளை மேலேற்ற வேண்டுமென்று நீங்களே அதன் அமைப்புகளில் தெரிவு செய்தாலன்றி, அவை கைபேசியில் மட்டுமே இருக்கும். கைபேசி தொலைந்தால் திருமணப் படங்கள் திரும்பக் கிடைக்கும், எக்ஸ்ரே கிடைக்காது.

ஐபோனில்

சஃபாரியில் படத்தை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் ‘சேவ் டு ஃபோட்டோஸ்’ என்னும் வரி இருக்கும்; சற்றுப் பழைய கைபேசிகளில் ‘ஆட் டு ஃபோட்டோஸ்’ என்றிருக்கும். தொட்டவுடன் படம் ஃபோட்டோஸ் செயலிக்குள் செல்லும். அறிக்கை பி.டி.எஃப். வடிவில் இருந்தால் அது ஃபோட்டோஸுக்குள் வராது. அம்புக்குறி மேல்நோக்கிய சதுரத்தைத் தொட்டு, ‘சேவ் டு ஃபைல்ஸ்’ என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அதனைப் பின்னர் ஃபைல்ஸ் செயலியில்தான் தேட வேண்டும்.

ஆண்ட்ராய்டில் பி.டி.எஃப். சில கைபேசிகளில் தானே பதிவிறங்கிவிடும். சிலவற்றில் உலாவியிலேயே திறந்து நிற்கும். திறந்து நின்றால் அது சேமிக்கப்பட்டுவிட்டதாகக் கொள்ளாதீர்கள். மூன்று புள்ளிகளைத் தொட்டு, கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தொடுங்கள்.

அழுத்திப் பிடித்தும் பட்டியல் வரவில்லையெனில்

இரு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, லிங்க் மின்னஞ்சல் போன்ற வேறொரு செயலிக்குள்ளேயே திறந்திருக்கலாம். அப்படியாயின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, உலாவியில் திறக்கும் வரியைத் தேர்ந்து, அங்கே முயல வேண்டும்.

மற்றொன்று, நீங்கள் காண்பது சாதாரணப் படமே அன்று. சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களைக் காட்டும் பக்கங்கள் பலவற்றில், விரலை மேலும் கீழும் நகர்த்த உடலின் குறுக்குவெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அங்கே படம் பக்கத்தில் பதிக்கப்படவில்லை. ஒரு சிறு மென்பொருள் அதை அவ்வப்போது வரைந்து காட்டுகிறது. அழுத்திப் பிடித்தால் ஒன்றும் நிகழாது. அல்லது அந்த நொடியில் தெரியும் ஒற்றை வெட்டு மட்டும் சேமிக்கப்படும். மார்பு சி.டி. ஒன்றில் நூற்றுக்கணக்கான வெட்டுகள் இருக்கும். அவற்றுள் ஒன்றை வைத்துக்கொண்டிருப்பது, புத்தகத்தின் நடுப்பக்கம் ஒன்றைக் கிழித்து வைத்துக்கொண்டு நூல் என்னிடம் இருக்கிறது என்பதை ஒக்கும்.

இத்தகைய ஸ்கேன்களின் மூலக்கோப்பு டைகாம் என்னும் வடிவில் இருக்கிறது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தரும் படங்களை எந்த மருத்துவமனையிலும் திறக்க இயல வேண்டும் என்பதற்காக, அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் அந்நாட்டின் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்து வகுத்த முறை இது. முதல் பதிப்பு 1985இல் வந்தது. டைகாம் என்னும் பெயர் 1993இல் நிலைத்தது. நோயாளியின் பெயர், எண், எடுத்த நாள் ஆகியவை படத்தோடு பிரியாமல் அதே கோப்புக்குள் எழுதப்பட்டிருப்பது இதன் பெருஞ்சிறப்பு. மேலும், கருமைக்கும் வெண்மைக்கும் இடையே 4,096 படிகளை இத்தகைய கோப்பு தாங்கி நிற்கக்கூடும். கைபேசியில் நாம் சேமிக்கும் சாதாரண ஜேபெக் படம் தாங்குவது 256 படிகளே. மருத்துவர் தம் கணினியில் ஒரே சி.டி. ஸ்கேனை எலும்பு தெரியும்படியும், நுரையீரல் தெரியும்படியும், மென்தசை தெரியும்படியும் மாற்றி மாற்றிப் பார்ப்பது அந்தக் கூடுதல் படிகளால்தான் இயல்கிறது. உங்கள் கைபேசிப் படத்தில் அது இயலாது.

ஆகவே சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றுக்குக் கைபேசிப் படம் போதாது. பக்கத்தில் முழுத்தொகுதியையும் பதிவிறக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கோப்பு பெரிதாக இருக்கும், எனவே வைஃபை உள்ள இடத்தில் செய்யுங்கள். இல்லையெனில் ஸ்கேன் எடுத்த இடத்தில் குறுந்தகடு கேட்டுப் பெறுங்கள். நுரையீரலில் சிறு முடிச்சொன்று காணப்பட்டால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஸ்கேனிலும் அது அதே அளவில் இருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே மருத்துவரின் முதல் வேலை. வளராமல் நிற்கும் முடிச்சு பெரும்பாலும் அச்சத்தைக் குறைக்கும். வளர்ந்தது மேற்கொண்டு ஆராயச் செய்யும். பழைய அறிக்கையின் எழுத்து மட்டும் இருந்தால் அந்த ஒப்பீடு அரைகுறையாகவே முடியும்.

ஸ்கிரீன்ஷாட் பற்றி

எளிதான வழி இதுவே என்று எல்லாரும் செய்கின்றனர். நாங்களும் எங்கள் வீடுகளில் செய்வதுண்டு. மருந்தகத்தின் முகவரி, அடுத்த சந்திப்பின் நேரம், உணவுப் பட்டியல் ஆகியவற்றுக்கு ஸ்கிரீன்ஷாட் போதுமானது. பரிசோதனைப் படத்துக்கு அது கடைசி வழியாக இருத்தல் வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட் என்பது படத்தின் பிரதியன்று. உங்கள் கண்ணாடித் திரையின் பிரதி. மூலப்படம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், திரையில் எத்தனை புள்ளிகள் உண்டோ அத்தனையே கிடைக்கும். ஒரு டிஜிட்டல் எக்ஸ்ரே ஒரு பக்கத்துக்கு இரண்டாயிரம் புள்ளிகளுக்கு மேல் கொண்டிருப்பது வழக்கம். அதை 1,080 புள்ளி அகலமுள்ள திரையில் நிறுத்திப் பிடித்தால், நீளத்திலும் அகலத்திலும் பாதி நுட்பம் போய்விடும். மயிரிழை போன்ற எலும்புக் கீறலைத் தேடும் மருத்துவருக்கு அந்தப் பாதி முக்கியம்.

இ.சி.ஜி.யில் இழப்பு வேறு வகையானது. அந்தத் தாளின் சிறு கட்டங்கள் அழகுக்காக அச்சிடப்பட்டவை அல்ல. வழக்கமான வேகமாகிய நொடிக்கு 25 மில்லிமீட்டரில் ஓடும்போது, ஒரு சிறு கட்டம் 0.04 நொடியைக் குறிக்கும்; உயரத்தில் 10 மில்லிமீட்டர் ஒரு மில்லிவோல்ட்டைக் குறிக்கும். இந்த அளவுகள் தாளின் விளிம்பில் சிறு எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். பெயரும் நாளும் நேரமும் விளிம்பில்தான் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுப்போர் கோடுகள் பெரிதாகத் தெரியட்டும் என்று நடுப்பகுதியை மட்டும் விரித்துப் பிடிக்கின்றனர். விளிம்பு வெட்டுப்படுகிறது. எஞ்சுவது யாருடையது, எப்போது எடுத்தது, எவ்வளவு வேகத்தில் ஓடியது என்று தெரியாத சில அலைகள். வேறு வழியே இல்லாமல் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதாயின், முழுத் தாளும் விளிம்போடு தெரியும்படி ஒன்று, பகுதி பகுதியாக விரித்துச் சில என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயரும் நாளும்

உலாவி சேமிக்கும் படத்துக்குப் பெரும்பாலும் பொருளற்ற எண் வரிசையே பெயராக அமையும். ஆறு மாதம் கழித்து அதே கோப்புறையில் மின்கட்டண ரசீதும் பள்ளிச் சுற்றறிக்கையும் சேர்ந்திருக்க, எது அம்மாவின் முழங்கால், எது அத்தையின் முழங்கால் என்று தெரியாது. இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. கேலரி படங்களை வரிசைப்படுத்துவது பெரும்பாலும் அவை கைபேசிக்கு வந்த நாளை வைத்து; பரிசோதனை எடுத்த நாளை வைத்து அன்று. சனவரியில் எடுத்த எக்ஸ்ரேயை மார்ச்சில் சேமித்தால், கேலரி அதை மார்ச்சில் காட்டும். அவசரத்தில் அதைப் பார்ப்பவர் தவறான முடிவுக்கு வர இடமுண்டு.

எனவே சேமித்த அன்றே கோப்பின் பெயரை மாற்றுங்கள். கோப்புகளைக் காட்டும் செயலியில் படத்தைத் தெரிவு செய்து ‘ரீநேம்’ என்பதைத் தொட்டால் போதும். ஆண்டு, மாதம், நாள், பிறகு நோயாளியின் பெயர், பிறகு பரிசோதனை என்று எழுதினால், கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கோப்புறை இருப்பது இன்னும் நன்று. ஐபோனின் ஃபோட்டோஸில் பெயர் மாற்றுவதைவிட, படத்தின் அடியில் குறிப்பு எழுதி ஓர் ஆல்பத்தில் சேர்ப்பது எளிது.

இணையத்தில் தேடிப் பார்த்த பொதுப்படங்களை அந்தக் கோப்புறையில் சேர்க்க வேண்டாம். தோல் நோய்ப் பிரிவில் ஒரு தாயார் தம் மகளின் கையில் வந்த தடிப்பு என்று ஒரு படத்தைக் காட்டினார். மருத்துவர் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உங்கள் மகளின் கைதானா?" என்று கேட்டார். இரண்டு நாள் முன்பு அவர் உலாவியில் தேடி, ‘இதைப் போலவே இருக்கிறதே’ என்று சேமித்த படம் அது. மகளின் படம் அதற்கு அடுத்ததாக இருந்தது. அவரை நாங்கள் குறை கூறவில்லை. கேலரியில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன.

பிறருக்கு அனுப்பும்போது

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், விரைந்து செல்வதற்காக அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. அதே படத்தைக் காகிதக் கிளிப் அடையாளத்தைத் தொட்டு, ‘டாக்குமெண்ட்’ என்னும் வழியாக அனுப்பினால் சுருங்காமல் செல்லும். மருத்துவர்க்கு அனுப்புவதெல்லாம் இந்த வழியில் செல்லட்டும். குடும்பக் குழுவில் பகிர்வதற்கு முன் ஒரு நொடி எண்ணுங்கள்: படத்தின் மூலையில் பெயரும் வயதும் மருத்துவமனை எண்ணும் இருக்கின்றன. நோயாளியின் இசைவைக் கேட்டீர்களா? படுத்திருப்பவர் முதியவர் என்பதற்காக அவரைக் கேட்க வேண்டியதில்லை என்று ஆகாது.

அண்டை வீட்டாரின் கைபேசியிலோ கணினி மையத்திலோ லிங்க்கைத் திறக்க நேர்ந்தால், மறைநிலைத் தாவல் முழுக் காவல் என்று எண்ணாதீர்கள். மறைநிலையில் சென்ற பக்கங்களின் வரலாறு அழியும். ஆனால் பதிவிறக்கிய படம் அந்தக் கருவியிலேயே தங்கும். அதைக் கையால் நீக்க வேண்டும். நீக்கிய பிறகும் ஐபோனில் ‘ரீசண்ட்லி டெலீடட்’ பகுதியில் 30 நாள்வரை இருக்கும்; அங்கும் சென்று நீக்க வேண்டும். ஒரே ஆப்பிள் கணக்கைக் குடும்பத்தார் பலர் பயன்படுத்தும் வீடுகளில், ஒருவர் சேமித்த படம் மற்றவர் கைபேசியிலும் தோன்றக்கூடும் என்பதையும் அறிந்திருங்கள்.

லிங்க் காலாவதியாகிவிட்டால்

மனம் தளர வேண்டாம். இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளின்படி, உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாத்தல் வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால், கோரிக்கையை ஏற்றதாகத் தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்குதல் வேண்டும். வெளியூரில் எடுத்த பரிசோதனையாயின், அந்த மையத்துக்கு நோயாளியின் பெயர், எடுத்த நாள், ரசீது எண் ஆகியவற்றைத் தெரிவித்துப் புதிய லிங்க் கேட்டுப் பாருங்கள். ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர்க்கு இது விரைவில் கைகூடுகிறது.

நாம் முதலில் குறிப்பிட்ட பெரியவரின் மகன் மறுநாள் காலையில் இதைத்தான் செய்தார். அவர்கள் ஊர் மையம் புதிய லிங்க் அனுப்பியது. முந்தைய ஆண்டின் இ.சி.ஜி.யிலும் அதே தடை இருந்தது. மருத்துவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு செய்ய வேண்டியவற்றை அவர்களோடு அமர்ந்து பேசினார். இம்முறை மகன் படத்தை எங்கள் முன்னாலேயே அழுத்திப் பிடித்துச் சேமித்தார்.

நீங்களும் சேமித்தபின் ஒரு சோதனை செய்து பாருங்கள். கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபையும் நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு, உலாவிக்குச் செல்லாமல் கேலரியில் அந்தப் படத்தைத் திறங்கள். விரித்துப் பாருங்கள், விளிம்பில் உள்ள பெயரையும் நாளையும் படிக்க இயலுகிறதா என்று பாருங்கள். இயலவில்லையெனில், லிங்க் இன்னும் உயிரோடிருக்கும்போதே கைபேசியையும் குறுஞ்செய்தியையும் எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வாருங்கள். உடனிருந்து சேமித்துத் தருகிறோம்.